பேர் வச்சவரை நான் பாக்கலீங்களே

"பிஞ்சு கசக்குமா?" என்று கேட்டால் வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அந்த அம்மாள் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்.

"நேத்துப் பறிச்சதுல ரெண்டு கசந்துச்சுங்க. இது எப்படின்னு இதைக் கடிச்சாத்தான் தெரியும்."

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்? ஒரு மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, தித்திக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்துடுமோ?"

"கடிக்காம எப்படிம்மா சொல்றது?"

"அப்போ கடிச்சுப் பாத்துட்டுச் சொல்லேன்."

"கடிச்சதை நீங்க வாங்க மாட்டீங்களே."

அக்கம்பக்கத்து வாசல்களில் எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்துவிட்டு எட்டுப் பிஞ்சு வாங்கிக்கொண்டாள். அந்த வீதியில் அவர் கூடைதான் முதலில் காலியாகும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் "இது நல்லா இருக்கும்" என்று எப்போதாவது சொன்னால் அது நிச்சயம் நன்றாக இருக்கும். அதே கொடியில் காய்த்த இன்னொன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதைக் கடைசிவரை படித்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அந்த நாளில் அவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசினேன். எனக்கு முப்பது வயது, அவருக்கு நாற்பது இருக்கும். நான் பி.ஏ. படித்த குமாஸ்தா, அவர் ஆற்றுமணலில் வெள்ளரி போடுகிறவர். அது போதுமானதாக இருந்தது. இன்று எண்பதைத் தாண்டிய கை, தானாகவே 'அவர்' என்று எழுதுகிறது.

வைகுண்ட ஏகாதசி முடிந்த மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருக்கும். முண்டியடித்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள், தூணுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பெருமாளைக் கண்குளிரச் சேவித்ததாகச் சொல்வார்கள். மடைப்பள்ளியில் வேலை பார்த்த ஒருவர் அந்த அம்மாளைக் கேட்டார். "என்ன, நேத்திக்கு வந்திருந்தியே, பெருமாளைச் சேவிச்சியோ?"

"குடையைப் பாத்தேங்க சாமி. பெருமாளைப் பாக்கலை."

"அபசாரம்! குடைக்குக் கீழே பெருமாள்தானே எழுந்தருளியிருப்பார்?"

"இருப்பாருங்க. நான் பாத்தது குடைதான்."

ஒரு தடவை அவருடைய பாத்தியிலேயே யாரோ இறங்கி, கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். யார் செய்தது என்று கரை முழுக்கத் தெரியும். கான்ஸ்டபிள் வந்து விசாரித்தார்.

"அவன்தானே செஞ்சான்? சொல்லு, இழுத்துட்டு வரேன்."

"கால் தடத்தைப் பாத்தேங்க. ஆளைப் பாக்கலை."

"தடம் எப்படி இருந்துச்சு?"

"வலது கால்ல ஆறு விரல் இருந்துச்சுங்க."

அந்தக் கரையில் ஆறு விரல் உள்ளவன் ஒருவன்தான். "அப்போ அவன்தான்!" என்று கான்ஸ்டபிள் துள்ளினார்.

"அதை நீங்க சொல்றீங்க" என்றார் அம்மாள்.

அவருடைய புருஷன் இதற்கு நேர் எதிர். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போன மனிதர். கைகளை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு நகர்வார். வாயைத் திறந்தால் கதைதான். கொள்ளிடத்து முதலையின் வாலைப் பிடித்துக் கரையேற்றியது, அதே முதலை மறு வருஷம் வந்து மன்னிப்புக் கேட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். தை மாதம் ஆறு வற்றியதும் மனைவி அவரை முதுகில் சுமந்துகொண்டு மணலைக் கடந்து நடுத்திட்டுக்குப் போவார். அங்கே ஒரு கீற்றுக் குடிசை, சுற்றிலும் வெள்ளரிப் பாத்திகள். வைகாசி கடைசி வரை அவர்கள் குடித்தனம் அங்கேதான். ஆனியில் மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார்.

"இவ இருக்காளே, ஐயா," என்று அவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "நான் செத்தாக்கூட மூக்குல கை வச்சுப் பாத்துட்டுத்தான் அழுவா."

"பின்னே? உங்களை நம்பி அழுதுட்டு, நீங்க எந்திரிச்சு உக்காந்துட்டா?" என்றார் அம்மாள், களை பிடுங்கிக்கொண்டே.

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் அந்தத் திட்டுக்கு ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். ஒரு பறவையின் பெயருக்காகப் போனேன்.

அந்த நாளில் எனக்குச் சொல் ஆராய்ச்சிப் பித்து இருந்தது. புத்தூரில் என் அறை முழுக்க நிகண்டும் அகராதியும். ஒரு மாதப் பத்திரிகையில் சொற்களின் பிறப்பைப் பற்றிச் சிறு கட்டுரைகள் எழுதுவேன். ஒரு மாதம் ஆலாவை எடுத்துக்கொண்டேன். கடற்கரையில் சாதாரணமாகக் காணும் பறவை. நம் ஊரில் அதைப் பார்த்தவர் குறைவு. ஆனால் பேச்சில் விடாமல் சொல்வோம். சாப்பாட்டுக்கு, உத்தியோகத்துக்கு, பெண் வீட்டுச் சீருக்கு ஒருவன் அலைந்தால் 'ஆலாய்ப் பறக்கிறான்' என்போம். ஆலுதல் என்றால் ஆடுதல், ஒலித்தல். காற்றில் ஆடி நிற்பதால் ஆலா என்று பெயர் வந்தது என்று எழுதினேன்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த ஒருவர் இதை மறுத்தார். அது நம் சொல்லே இல்லை, கடலில் வந்த அந்நிய மாலுமிகள் சிறகுக்கு வைத்திருந்த சொல், நம் கரையில் இறங்கிப் பறவைக்குப் பெயராகிவிட்டது என்று எழுதினார். நான் பதில் எழுதினேன். அவர் பதிலுக்குப் பதில் எழுதினார். நாலாவது மாதம் பத்திரிகை ஆசிரியர் இருவருக்கும் ஒரே மாதிரிக் கார்டு போட்டார்: 'உங்களில் யாராவது அந்தப் பறவையைப் பார்த்திருக்கிறீர்களா? அதோடு பழகுகிற ஜனங்கள் பெயருக்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? அதைக் கேட்டு எழுதுகிறவருடைய கட்டுரையைப் போட்டு விவாதத்தை முடித்துக்கொள்கிறேன்.'

கார்டைப் படித்ததும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் பார்த்ததில்லை. கடல் நூறு மைல் தள்ளி இருக்கிறது. அப்போதுதான் எங்கள் ஆபீஸ் பியூன் சொன்னான், ஆலா கோடையில் கொள்ளிடத்து மணலில் வந்து முட்டையிடுகிறது, வெள்ளரிக்கார அம்மா திட்டில் போய்ப் பாருங்கள் என்று.

போனேன். கறுப்புத் தொப்பி போட்ட தலை, மஞ்சள் அலகு, வெட்டிவிட்ட மாதிரிப் பிளந்த வால். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு தொங்கும். திடீரென்று கல் மாதிரி விழும். நான் இன்னும் கிட்டே பார்க்க இரண்டு அடி வைத்தேன்.

"நில்லுங்க!" என்று அம்மாள் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றேன். என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால், வெறும் மணலில், மூன்று முட்டைகள். மணல் நிறம், மேலே பழுப்புப் புள்ளிகள். அவர் விரலை நீட்டிக் காட்டும்வரை என் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை.

"கூடு கட்டாதா?"

"கட்டாதுங்க. மணலை நெஞ்சால ஒதுக்கிட்டு வச்சிடும். உச்சி வெயில்ல மணல் கொதிக்கும்ல? ஆத்துல போயி வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து முட்டை மேல உக்காரும். காஞ்சதும் திரும்பப் போகும், நனைச்சுக்கிட்டு வரும். நாள் பூரா அதுதான் வேலை."

"இதைப் போய் ஆசையில் பறக்கிறது என்கிறோமே."

"ஆசையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்தவரைக்கும் அது முட்டைக்குத்தான் பறக்குது."

பெயருக்குக் காரணம் கேட்டேன். என் கொள்கைக்கு ஏற்றபடி கேட்டேன்: "காற்றில் ஆடிக்கொண்டே நிற்பதால்தான் ஆலா என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள், இல்லையா?"

"அப்படி யாரும் சொல்லிக் கேக்கலீங்க."

"உன் தகப்பனார், பாட்டனார் என்ன சொன்னார்கள்?"

"ஆலான்னு சொன்னாங்க."

"ஏன் ஆலா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். என்னைத் திருப்தி செய்ய வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"பேர் வச்சவரை நான் பாக்கலீங்களே, ஐயா."

புருஷன் குடிசைக்குள்ளிருந்து கத்தினார். "நான் பாத்திருக்கேன்! எங்க மாமன்தான் வச்சாரு! எழுதிக்கங்க!"

மூன்று முறை அங்கே போனேன். நாலாவது முறை திட்டு வரை போகவில்லை. கரையிலேயே நின்றுவிட்டேன்.

இனி என் உத்தியோகத்தைப் பற்றி. ஆற்றுத் தண்ணீரைக் கவனிக்கிற ஒரு சின்ன சர்க்கார் ஆபீஸில், அந்நாளையப் பேச்சில் கச்சேரியில், குமாஸ்தா. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் ஷட்டரைத் தூக்கப் போகிறார்கள் என்றால், அங்கிருந்து ஓர் ஆள் சைக்கிளில் எங்களுக்குச் சீட்டுக் கொண்டுவருவான். நான் தமுக்குக்காரரைக் கூப்பிட்டு அனுப்புவேன். அவர் கொள்ளிடக் கரை நெடுகத் தமுக்கு அடித்து, தண்ணீர் வருகிறது, மணலில் இருப்பவர்கள் ஏறிவிடுங்கள் என்று கூவிக்கொண்டே போவார். பிறகு வந்து தமுக்குப் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு எதிரே பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அடித்தாயிற்று என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

தமுக்கு அடித்துவிட்டு மனிதர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார். ரேகைக்கு அவரைத் தேடிப் பிடிப்பது பெரிய பாடு. ஆகவே எங்கள் கச்சேரியில் எனக்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. அவர் வருகிற நாளில் வெற்றுப் பக்கத்தில் வரிசையாகப் பத்து ரேகை வாங்கி வைத்துவிடுவது. அப்புறம் தேதியையும் மணியையும் நாங்கள் எழுதிக்கொள்வோம். அதில் யாரும் குற்றம் கண்டதில்லை. அவர் எப்படியும் அடிப்பார், நாங்கள் எப்படியும் எழுதுவோம். அவ்வளவுதான்.

மேட்டூர் அணை வந்தபிறகு கோடையில் கொள்ளிடத்தில் தண்ணீர் விடுவது அபூர்வம். அந்தச் சித்திரையில் கொங்குப் பக்கம் நல்ல மழை. மழைத் தண்ணீர் அணைக்குக் கீழே காவிரியில் சேர்ந்து இறங்கியது. காவிரி வாய்க்கால்களில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்ததால், வருவதை எல்லாம் கொள்ளிடத்தில் திருப்பிவிட உத்தரவு. சீட்டு எனக்குக் காலை பத்து மணிக்கு வந்தது. ஷட்டர் தூக்கியாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.

தமுக்குக்காரரைத் தேடி ஆள் அனுப்பினேன். லால்குடிப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தார். சரி, நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். நடு ஆற்றில் குடியிருப்பது அந்த ஒரு குடிசைதான். மணல் வண்டிக்காரர்கள் வெயிலுக்கு வீடு திரும்பியிருப்பார்கள். கிளம்பும் முன் தமுக்குப் புத்தகத்தை எடுத்தேன். ரேகை தயாராக இருந்தது. எதிரே தேதியைப் போட்டு, 'காலை மணி பதினொன்று' என்று எழுதினேன். கை பழகியபடி எழுதியது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

கரையில் ஒரு புங்கமரத்தடியில் அம்மாள் காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்றுவிட்டுத் திரும்பியவர், கொதிக்கிற மணலில் இறங்கும் முன் கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டிருந்தார். எதிரே முந்நூறு கஜத்தில் திட்டு. குடிசை வாசலில் புருஷன் படுத்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளைப் பொட்டுகளாக ஆலாக்கள்.

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரே வாக்கியம். அவர் எழுந்து ஓடியிருப்பார். புருஷனை முதுகில் ஏற்றிக்கொண்டு வர அரை மணி ஆகியிருக்கும். நேரம் தாராளமாக இருந்தது.

நான் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. இத்தனை வருஷத்தில் மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. கட்டுரையை மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டும். சொன்னால் அவர் ஓடிவிடுவார், தண்ணீர் வந்தபின் குடிசையும் இருக்காது, பறவையும் இருக்காது, என் கேள்வி அப்படியே நின்றுபோகும். காய்ந்த மணலைக் குடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் மூன்று மணிக்கு முன்னால் வராது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். முதலில் பதிலை வாங்கிக்கொள்வோம், அப்புறம் சொல்வோம்.

"இன்றைக்கு ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"என்னங்கய்யா, இன்னுமா அந்தப் பேரு முடியலை?"

"நீ ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. காற்றில் ஆடுவதால் ஆலா. அவ்வளவுதான்."

"ஆடுறதை நான் பாத்திருக்கேன். அதனாலதான் பேர்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஆடுகிறது, அதனால் ஆலா. இதில் தெரிய என்ன இருக்கிறது?"

"ஆடுற எல்லாத்துக்குமா ஆலான்னு பேரு? எங்க வீட்டுக்காரரு பேச்சும்தான் ஆடுது."

வளைத்து வளைத்துக் கேட்டேன். அவர் இரண்டு தடவை எழுந்தார். "நேரமாச்சுங்க, அவருக்குக் கஞ்சி ஊத்தணும்" என்றார். இரண்டு தடவையும் "இன்னும் ஒரு நிமிஷம்" என்று உட்காரவைத்தேன். பாலத்தில் ரயில் ஒன்று போயிற்று. வெயில் உச்சி தாண்டிவிட்டது.

அப்போது ஆலாக்கள் எழுந்தன.

நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அம்மாள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"ஆளு போனா ஒரு பக்கம்தான் எந்திரிக்கும். மொத்தமா எந்திரிச்சிருக்கு" என்றார்.

பிறகு சத்தம் கேட்டது. காய்ந்த சருகை யாரோ கூட்டி இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. மேற்கே மணலின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. முந்தின வார மழையில் மேற்கே மணலுக்கு அடியில் ஏற்கெனவே ஈரம் ஊறியிருந்திருக்கிறது. அதனால் என் கணக்குக்கு இரண்டு மணி முன்னதாகவே தண்ணீர் வந்துவிட்டது. அது முதலில் நடுத்திட்டுக்கு வரவில்லை. கரைக்கும் திட்டுக்கும் இடையில் இருந்த பள்ளத்தில் இறங்கியது.

அவர் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நாங்கள் பள்ளத்தை எட்டியபோது முழங்கால் அளவு. அவர் பத்தடி போவதற்குள் இடுப்பு அளவு, இழுப்பு தாங்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து அவரைப் பிடித்து மேலே இழுத்தார்கள். எதிரே புருஷன் கைகளை ஊன்றிக் குடிசைக்கு வெளியே வந்து, திட்டின் மேட்டில் உட்கார்ந்தார். ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

"வராதே! அங்கேயே நில்லு!" என்றார். அவர் குரலில் கதை இல்லாமல் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த அம்மாள் கரையோரம் மேற்கே ஓடினார். அங்கே இறங்க வழி இல்லை. கிழக்கே ஓடினார். அங்கேயும் இல்லை. திரும்பி மேற்கே. வாயிலிருந்து வார்த்தை வரவில்லை, வெறும் குரல். மேலே அத்தனை பறவைகளும் அதையே செய்தன. முட்டை கிடந்த இடத்தின் மேல் கத்திக்கொண்டு தாழ்ந்தன, ஏறின, சுற்றின, திரும்பி வந்தன. எது பறவைக் குரல், எது அவர் குரல் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாலு மாதமாக அகராதிகளில் தேடினேன். ஆலாய்ப் பறப்பது என்றால் என்ன என்பதைக் கண்ணெதிரே பார்த்தேன். என் சட்டைப் பையில் சீட்டு இருந்தது.

குடிசை சாய்ந்தது. பிறகு மேடு தெரியவில்லை. தூக்கிய கையும் தெரியவில்லை.

சாயங்காலம் பெண்கள் வந்து அம்மாளைச் சூழ்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். அவர் அழவில்லை. "செத்துட்டாருன்னு சொல்லாதீங்க. தண்ணி வந்ததைப் பாத்தேன். குடிசை போனதைப் பாத்தேன். அவரு செத்ததை நான் பாக்கலை" என்றார். மூன்று நாள் அப்படியே கரையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நாலு மைல் கிழக்கே ஒரு நாணல் புதரில் உடல் கிடைத்தது. போய்க் குனிந்து, முகத்தைத் துடைத்து, மூக்கின் மேல் கை வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே கட்டுரையை எழுதி அனுப்பினேன். 'காற்றில் ஆடி நிற்பதால் ஆலா என்று பெயர் வந்ததாகக் கொள்ளிடத்து மணலில் வாழும் ஜனங்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள்' என்று எழுதினேன். அச்சில் வந்தது. தமிழ் வாத்தியார் மனம் திறந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு பேர் அந்த வரியை எடுத்துக்காட்டியும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆலாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் காட்டிய வேர் சரியாக இருந்தாலும் இருக்கலாம். சாட்சி பொய்.

பத்து நாள் கழித்து விசாரணை. மேலதிகாரி ஒருவர் வந்து எங்கள் கச்சேரியில் உட்கார்ந்தார். தமுக்குப் புத்தகத்தை விரித்து வைத்தேன். முதலில் தமுக்குக்காரரைக் கூப்பிட்டார்.

"இது உன் ரேகையா?"

அவர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "என் ரேகைதானுங்க" என்றார். அது உண்மைதான்.

பிறகு அந்த அம்மாள்.

"தமுக்குச் சத்தம் கேட்டதா?"

"கேக்கலீங்க."

"எங்கே இருந்தாய்?"

"கரையில, மரத்தடியிலங்க. ஐயாகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தமுக்கு அடித்து முடிந்தபிறகு கரையைப் பார்த்துவரப் போனேன்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. "ஊருக்கே தெரிந்த விஷயம், இவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

"என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள்?" என்று அதிகாரி அம்மாளிடம் கேட்டார்.

"ஆலாவைப் பத்திங்க."

கச்சேரியில் இரண்டொருவர் சிரித்தார்கள்.

"வேறு ஏதாவது சத்தம் காதில் விழுந்ததா?"

"பாலத்துல ரயில் போனது கேட்டுச்சுங்க."

"ரயில் கேட்டிருக்கிறது, தமுக்கு கேட்கவில்லை. அப்படியானால் தமுக்கே அடிக்கவில்லை என்கிறாயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரி கெட்டிக்காரர். தமுக்குக்காரரை இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார், லால்குடிச் சாவு வெளியே வந்திருக்கும்.

அம்மாள் யோசித்தார். பெயருக்குக் காரணம் கேட்டபோது யோசித்த அதே யோசனை.

"அடிக்கலைன்னு நான் சொல்லலீங்க. எனக்குக் கேக்கலைன்னுதான் சொல்றேன்."

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அவரோடு வந்த நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். அம்மாள் அவர்களிடம் போகாமல் என்னிடம் வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சவங்க. நெசமாவே அன்னிக்குத் தமுக்கு அடிச்சாங்களா? நான்தான் பேச்சு சுவாரசியத்துல கேக்காம விட்டுட்டேனா?"

நான் குற்றவாளி என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. அவர் தன்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக அதையே நினைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சீட்டை நான் இன்னும் கிழிக்கவில்லை. அதே சட்டை, அதே பை. எடுத்துக் காட்டியிருக்கலாம்.

"அடித்தார்கள்" என்றேன்.

"நெசமாங்களா?"

"ஆமாம், அடித்தார்கள். உனக்குத்தான் கேட்கவில்லை."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு மரத்தடிக்குப் போனார். பெண்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர் குரல் தெளிவாக எனக்குக் கேட்டது.

"தமுக்கு அடிச்சாங்களாம்டி. எனக்குத்தான் கேக்கலை. நான்தான் அவரை விட்டுட்டேன்."

பார்க்காத ஒன்றை, கேட்காத ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் வார்த்தையை நம்பிச் சொன்னார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார் என்று கேள்விப்பட்டேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாராம்.